‘இனி ஹீட்டே ஆகாது’ என்று சொன்னவர் எதைக் கழற்றினார்?

கேள்வி: தருமபுரியில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். 2011 ஆகஸ்டில் பதிவான ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். என் மைத்துனரிடம் வாங்கியது. இதுவரை 1,28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மே மாதம் வரை பாலக்கோடு பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் இதில்தான் போய்வந்தேன். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தது. ஜூனில் டவுனுக்கே மாறுதல் வந்துவிட்டது. இப்போது காலையும் மாலையும் பள்ளி, மார்க்கெட், மாதம் இரண்டு முறை அம்மாவைக் காட்ட சேலம், ஒருமுறை மகளைப் பார்க்க ஓசூர். மொத்தம் 900 கிலோமீட்டர் இருக்கும். மைலேஜ் 10.5-ஐத் தாண்டவில்லை.

மே கடைசியில் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி ஹீட்டாகி நின்றது. உள்ளூர் மெக்கானிக் சரிசெய்து, ‘இனி ஹீட்டே ஆகாது சார்’ என்றார். அதேபோல் ஆகவும் இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரியும் நீல விளக்கு முன்பெல்லாம் நாலு ரோடு சந்திப்பு வருவதற்குள் அணைந்துவிடும். இப்போது பள்ளி வாசல் வரை எரிகிறது. ஒருநாள் மழையில் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் அணைந்த விளக்கு மறுபடியும் வந்தது.

‘வித்துட்டுப் புதுசு வாங்கலாம், பெட்ரோல் மிச்சத்திலேயே டியூ கட்டிடலாம்’ என்கிறான் மகன். நண்பர் ஒருவர் கேஸ் கிட் போடச் சொல்கிறார். இன்னொருவர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலின் வேலை என்றும் ஒரு பேச்சு. அடுத்த ஆகஸ்டில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

சார், விற்பதா வைப்பதா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த நீல விளக்கு. பெரும்பாலான பேர் ‘மைலேஜ் குறைஞ்சுபோச்சு’ என்று மட்டும்தான் எழுதுவார்கள். நீங்கள் விளக்கு எங்கே அணைகிறது, எங்கே மறுபடி எரிகிறது என்பது வரை கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் வண்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இன்ஜின் சூடேறாமல் இருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒன்றும் எரியாது. நம்ம ஊர் வெயிலில் காலை நேரத்தில் நீல விளக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அணைந்துவிட வேண்டும். பள்ளி வாசல் வரை எரிகிறது என்றால் இன்ஜின் சூடேறவே திணறுகிறது. தொப்பூர் இறக்கத்தில் மறுபடி எரிந்ததுதான் எனக்கு முக்கியமான சாட்சி. இறக்கத்தில் இன்ஜினுக்குச் சுமை இல்லை, மழைக்காற்று ரேடியேட்டரில் நேராக அடிக்கிறது. அப்போது இன்ஜின் ஆறிப்போகாமல் காப்பதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. அது தெர்மோஸ்டாட் வால்வு. உங்கள் வண்டியில் அது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது இல்லவே இல்லை. ‘இனி ஹீட்டே ஆகாது’ என்று அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், கழற்றி வீசிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது சகஜம். வண்டி ஹீட்டாகி வந்தால், வால்வைப் பிடுங்கிவிட்டு மூடியை மாட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், ஹீட் ஆவது நின்றுவிடும், வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் அந்த வால்வு சும்மா வைத்ததில்லை. உள்ளே சின்னதாக ஒரு மெழுகுக் குப்பி இருக்கும். இன்ஜினை ஆற்றச் சுற்றிவரும் திரவமான கூலண்ட் சுமார் 80 டிகிரியைத் தொடும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, சீக்கிரம் சூடேறும். வால்வு இல்லாவிட்டால் காலையில் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் ஆற்றிக்கொண்டே இருக்கும்.

இன்ஜின் ஆறியிருக்கிறது என்று சென்சார் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுவார்களே, அதே கதை. இங்கே சோக் இழுத்தபடி பள்ளி வரை போகிறீர்கள், மாலையில் வீடு வரை வருகிறீர்கள். எரியாத பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். நாளைக் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், அல்லது ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றால், ஆயில் நீர்த்திருக்கிறது. மைலேஜ் போனதைவிட இதுதான் பெரிய சேதம். ஒரு வருடம் இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் தேய்ந்துவிடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள எதையும் கழற்ற வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் மாட்டச் சொல்லி, கூலண்ட் வெப்பநிலையைத் திரையில் வைத்தபடி பைபாஸில் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறை ஒட்டியோ நிலையாக நிற்க வேண்டும். அறுபதிலும் எழுபதிலும் தத்தளித்தால், சந்தேகமே வேண்டாம். தெர்மோஸ்டாட் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற சாமான். கம்பெனி சாமானே வாங்குங்கள்.

ஆனால் அதை மட்டும் மாட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மே மாதம் வண்டி ஏன் ஹீட்டானது? அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வால்வைக் கழற்றியதால் காரணம் மூடி மறைக்கப்பட்டதே தவிர, போகவில்லை. புது வால்வு போட்டு அடுத்த கோடையில் தொப்பூர் ஏறினால் பழையபடி நிற்கும்.

என் சந்தேகம் ரேடியேட்டர் மேல். உங்களிடமோ உங்கள் மைத்துனரிடமோ ஒரு கேள்வி: கூலண்ட் குறைந்தபோது என்ன ஊற்றினீர்கள்? நம்ம மாவட்டத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கிறது என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு ஃபுளோரைடு எதிரி இல்லை; அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் எதிரி. வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக ஏடு படிகிறதே, அதே ஏடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஓட்டை அடைபட அடைபட, சாதாரண ஓட்டத்தில் சமாளிக்கும், ஏ.சி. போட்டுக்கொண்டு ஐந்து பேரை ஏற்றி, லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் தொப்பூர் ஏறும்போது கையை விரித்துவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சூட்டோடு ஒருபோதும் வேண்டாம், ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கூலண்ட் தெளிவாக, நிறத்தோடு இருந்தால் நல்லது. செங்கல் நிறத்திலோ, ஓரத்தில் வெள்ளைப் பொருக்குடனோ இருந்தால் போர் தண்ணீரின் கைவரிசை. இலேசான படிவம் என்றால் ஃப்ளஷ் செய்து பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் ரேடியேட்டரையே மாற்றிவிடுவது மேல். ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று அலுமினியத்தை ஓட்டை போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. கூடவே ஃபேன் இரண்டும் ஓடுகிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். அதன் பிறகு தண்ணீர் கலக்கத் தேவையில்லாத ரெடிமிக்ஸ் கூலண்ட் மட்டும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். வழியில் குறைந்தால் பங்கில் குழாய்த் தண்ணீரைத் தேட வேண்டியிருக்காது.

ஹீட்டாகி ‘நின்றது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக நின்றதா, நீங்கள் நிறுத்தினீர்களா? தானாக நிற்கும் அளவுக்குப் போயிருந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கூலண்ட் அடிக்கடி குறைகிறதா, ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி படிகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் தப்பித்தீர்கள்.

சரி, மைலேஜ் குறைந்தது முழுவதும் வால்வினாலா? இல்லை. ஜூனை ஒட்டி இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது: வால்வு போனது, வண்டியின் ஓட்டமும் மாறியது. பாலக்கோட்டுக்கு ஒரு பக்கமே இருபது கிலோமீட்டருக்கு மேல். இன்ஜின் சூடேறி, டாப் கியரில் சீராக ஓடும். இப்போது பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில். மூன்று நான்கு கிலோமீட்டரில் போய் அணைத்துவிடுகிறீர்கள், மாலை வரை ஆறிக் கிடக்கிறது, மறுபடி முதலிலிருந்து. எந்தப் பெட்ரோல் காருக்கும் இது மோசமான ஓட்டம். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பழைய 14 வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 12.5-லிருந்து 13 வந்தால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கு ஒரு டூவீலரில் போனால் இன்னும் நல்லது, ஆனால் அது உங்கள் வீட்டு விஷயம்.

எத்தனால் பேச்சு பாதி உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் கணக்குப்படி ஆறு ஏழு சதவீதம் மைலேஜ் குறையும். அதாவது 15 கிடைத்த வண்டிக்கு 14. ஆனால் நீங்கள் மே மாதம் 14 வாங்கியதும் அதே பெட்ரோலில்தானே? 14-லிருந்து 10.5 ஆனதற்கு அதன் மேல் பழி போட முடியாது. உங்கள் வண்டி 20 சதவீத எத்தனாலுக்கென்று செய்ததல்ல என்பது வேறு விஷயம். பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பெட்ரோல் முள்ளை வைத்தோ, ஆயிரம் ரூபாய்க்குப் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்தோ மைலேஜ் சொல்வது சரிவராது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும், ரவுண்டாக்குகிறேன் என்று மேலே ஊற்ற விடாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 300 கிலோமீட்டராவது ஓடியபின் அதே பங்கில் அதேபோல் நிரப்பி வகுத்துப் பாருங்கள். ஓசூர் பயணத்தை எப்போதும் போக வர சேர்த்தே கணக்கிடுங்கள். தருமபுரியைவிட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து 1,300 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே அரை லிட்டருக்கு மேல் தனியாகப் போகும். போகும்போது மட்டும் அளந்தால் பயப்படுவீர்கள், வரும்போது மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

கூலிங் வேலை முடிந்தபின் மற்றவற்றை ஒரே சர்வீஸில் முடித்துவிடலாம். ஏர் ஃபில்டர், பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங். டாப்பெட் கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வுகளின் இடைவெளி, பார்க்கச் சொல்லுங்கள். இந்த இன்ஜினில் அது கையால் செட் செய்ய வேண்டியது, நிறைய ஒர்க்‌ஷாப்பில் தொடுவதே இல்லை. நீர்த்துப்போன ஆயிலை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டிதானே என்று 20டபிள்யூ50 மாதிரி கெட்டி ஆயிலை ஊற்ற விடாதீர்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு போதும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்தபடி இருந்தால் கையிலேயே தெரியும். காலிப்பர் பின் இறுகியிருக்கும், சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் தீரும். டயரில் காற்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி. ஆக்சிஜன் சென்சாரை மாற்றலாம் என்று யாராவது முதலிலேயே சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். இன்ஜின் சூடே ஏறாத வண்டியில் அந்த சென்சாரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

எல்லாம் சேர்ந்து, ரேடியேட்டர் மாற்றும்படி ஆனாலும், 15,000 ரூபாய்க்குள் முடியும் என்பது என் கணிப்பு. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 900 கிலோமீட்டருக்கு இப்போது 86 லிட்டர் போடுகிறீர்கள்; 13 கிடைத்தால் 69 லிட்டர் போதும். மாதம் 1,700 ரூபாய் மிச்சம். ஒன்பது மாதத்தில் செலவு செய்த காசு திரும்பிவிடும்.

இப்போது உங்கள் மகன் சொன்ன கணக்கு. தம்பியைக் கூட வைத்துக்கொண்டே இதைப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு ஒரு புது பெட்ரோல் கார், அதில் ஏழு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை 14,500 ரூபாயைத் தாண்டும். அந்தப் புது வண்டி உங்கள் டவுன் ஓட்டத்துக்கு 16 கொடுக்கிறது என்றே வைப்போம். விளம்பரத்தில் 20 போட்டிருப்பார்கள், அது வேறு. சரிசெய்த உங்கள் சிட்டியோடு ஒப்பிட்டால் மாதம் 13 லிட்டர் மிச்சம். 1,300 ரூபாய் சொச்சம். அதில் எங்கே தவணை கட்டுவது? ஐந்து வருடத்தில் வட்டி மட்டுமே 1,72,000 ரூபாயை ஒட்டி வருகிறது. மாதம் 1,300 வீதம் பத்து வருடம் பெட்ரோலை மிச்சப்படுத்தினாலும் அந்த வட்டியைக்கூட எட்டாது. புது வண்டியின் மதிப்பு வருடா வருடம் இறங்குவதை நான் இன்னும் தொடவே இல்லை.

புது கார் வாங்க வேறு நியாயங்கள் இருக்கலாம். பாதுகாப்பு கூடுதல், அம்மாவுக்கு ஏறி இறங்க உயரமான சீட், நடுவழியில் நின்றுவிடுமோ என்ற கவலை இல்லை. அதற்காக வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பெட்ரோல் மிச்சத்துக்காக என்றால் வேண்டாம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் என் பதிலே மாறியிருக்கும்.

கேஸ் கிட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சி.என்.ஜி. கிட் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். டிக்கி போய்விடும். 15 வருட வண்டியில் 900 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்த முதலீடு திரும்புவதற்குள் வண்டியை விற்கும் நாள் வந்துவிடும். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டலாம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம், குடும்பத்தோடு ஏறும் வண்டி அது.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் வருடச் செலவைக் கண்ணைத் திறந்துகொண்டு பாருங்கள். பெட்ரோல் 85,000 ரூபாய். சர்வீஸுக்கும் ரிப்பேருக்கும் 30,000 ஒதுக்குங்கள். ஒரு வருடம் பத்தாயிரத்தில் முடியும், அடுத்த வருடம் ஏ.சி. கூலிங் காயில் ஒழுகி மொத்தத்தையும் விழுங்கும். டயர், பேட்டரிக்கு வருடக் கணக்கில் 6,000. இன்ஷூரன்ஸ் 7,000. எல்லாம் கூட்டினால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் வருகிறது. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு இல்லை. அடுத்து செலவு வைக்கப்போவது பெரும்பாலும் கீழ்ப்பகுதி: லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட். தாழ்வான வண்டி, நம்ம கிராமத்து வேகத்தடைகள், கேட்க வேண்டுமா.

இன்ஷூரன்ஸில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். உங்கள் இன்ஜின் 1,497 சிசி. 1,500-ஐத் தாண்டாததால் 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இன்னும் நாலே சிசி கூடியிருந்தால் 7,897. சொந்தச் சேதத்துக்கான பாலிசி வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதிப் பணம்தான் கிளெய்மில் வரும். மாதம் மூன்று முறை தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடுகிறவர் என்பதால் நான் எடுத்துக்கொள்ளவே சொல்வேன். அதே காரணத்துக்காக ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸையும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை சுங்கச் சாவடியைக் கடக்கலாம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. பாளையம் சாவடியைத் தாண்டியே சேலம் போகிற உங்களுக்கு லாபமாக இருக்கும்.

ஆர்.சி. புதுப்பிப்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை, தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், தனியாகப் பசுமை வரி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். புதுப்பித்தால் ஐந்து வருடம். வண்டியை நேரில் காட்ட வேண்டும்: எல்லா விளக்கும், ஹாரனும், பிரேக்கும் வேலை செய்ய வேண்டும், சேஸிஸ் எண் அழியாமல் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், புகைச் சான்றும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். வால்வு இல்லாமல் ஆறிய இன்ஜினோடு போனால் புகைச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆகையால் மேலே சொன்ன வேலைகளை ஜூனுக்கு முன் முடித்துவிடுங்கள்.

புதுப்பிக்கக் காசு கட்டுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவுக்குக் கீழ் உள்ள ஸில் பகுதியில் துரு ஓட்டை விழுந்திருந்தால், அல்லது 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தால், அந்த 5,000 ரூபாயைக் கட்ட வேண்டாம், வருகிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள். நம்ம பக்கம் கடல் காற்று இல்லாததால் துரு அவ்வளவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

நியூட்ரல் விஷயம். அந்த நண்பரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விட்டால், இறக்கத்தில் பெட்ரோல் பீய்ச்சுவதே நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் கேட்கும். ஆக நியூட்ரலில் செலவுதான் கூடுகிறது. அதைவிட, தொப்பூர் இறக்கம் எத்தனை பேரைக் காவு வாங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். நியூட்ரலில் வரும் லாரிகள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் ஏறிய செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். அங்கே மூன்றாவது கியரில் இறங்குங்கள், இடது ஓரமாகப் போங்கள், கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வண்டி வந்த காலத்து ஹோண்டா கார்கள் பலவற்றில் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர், அதாவது ஏர்பேக்கை ஊதவைக்கும் குப்பி, இருந்தது. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே வெடித்துத் துண்டுகள் முகத்தில் பாயும் அபாயம். அதற்காக ஹோண்டா இந்தியாவிலும் பல சுற்றாகக் கார்களைத் திரும்ப அழைத்து மாற்றிக்கொடுத்தது. கை மாறிய வண்டி என்பதால் அந்தக் கடிதம் உங்களுக்கு வராமலே போயிருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் எண்ணை ஹோண்டாவின் இணையதளத்தில் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டாலும் சொல்வார்கள். இருந்தால் மாற்றித் தருவதற்குக் காசு கிடையாது. தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள் சார்.